டாச்சிங்கில் தொடங்குங்கள்: ‘பொய்ஸ்’ (poise) என்ற ஆங்கிலச் சொல்லைப் புதிதாகப் பழகுவோருக்கு

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, முன்பு என்னிடம் படித்த பெண் ஒருத்தி கையில் மடித்த தாளோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பயிற்சி வேலை. மூன்று மாதம் முடிந்ததும் கொடுத்த மதிப்பீட்டுத் தாள் அது. நேரம் தவறாமை, உடை, மொழி, சக ஊழியர்களோடு பழகுவது என்று எல்லாக் கட்டத்திலும் 5க்கு 4. கடைசிக் கட்டத்தில் மட்டும் 2. அந்தக் கட்டத்தின் மேல் இருந்த சொல் ‘பொய்ஸ்’.

“கைப்பேசியில தட்டிப் பார்த்தேன் டீச்சர். சமநிலைன்னு வருது. நான் ஒரு நாள்கூட தடுமாறி விழலையே?”

அவள் கேட்டதில் தவறே இல்லை. கைப்பேசி சொன்ன பொருளும் தவறில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சொல் நழுவிப் போய்விட்டது. சுங்கை சிப்புட்டில் பதினைந்து வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன்; ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் வெளியே வேலைக்குப் போகும்போது அவர்களைத் தடுக்கி விடுபவை பெரும்பாலும் பெரிய சொற்கள் இல்லை. இப்படி ஓர் அசைச் சொற்கள்தான். பாடப் புத்தகத்தில் எங்கோ ஒரு முறை வரும், அகராதியில் ஐந்தாறு பொருள் இருக்கும், யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் வந்து நிற்கும்.

அன்றைக்கு அவளுக்குச் சொல்லத் தொடங்கியதை, அதன் பிறகு பல பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளுக்கு ஒரு மாலை போதும். பேச்சில் பழக ஒரு வாரம் ஆகும்.

முதல் படி: வாயில் சரியாக வரட்டும்

தமிழில் எழுதும்போது பலர் ‘பாய்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அது பையன்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிவிடும். ‘ஷி ஹேஸ் கிரேட் பொய்ஸ்’ என்று சொல்ல நினைத்து, அவளுக்கு அருமையான மகன்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி முடிப்போம். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்வதால் வரும் சிக்கல் இது.

‘பொய் சொல்லாதே’ என்கிறோமே, அந்தப் பொய்யைச் சொல்லுங்கள். ‘அம்போய்!’ என்று மலாய்க்காரர்கள் வியப்பார்களே, அதன் வால் பகுதியும் ஏறக்குறைய இதே ஒலிதான். இப்போது ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்து மறுபடி சொல்லுங்கள். காகிதம் படக்கென்று அசைய வேண்டும். அசையாவிட்டால் காற்று போதவில்லை. கேட்பவர் காதில் ‘பாய்ஸ்’ என்றே விழும்.

கடைசி ஒலி ‘பஸ்’ என்பதில் வரும் ஸ் இல்லை. தேசிய விலங்குக் காட்சிச்சாலையை ‘ஸூ நெகாரா’ என்கிறோமே, அதன் முதல் ஒலி, தேனீ சுற்றுவது போல இரையும். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொள்ளுங்கள். சொல் முடியும் வரைக்கும் விரலுக்கடியில் அதிர்வு இருக்க வேண்டும். பத்து முறை சொன்னால் வந்துவிடும். சரி, ஒலி இவ்வளவுதான்.

இரண்டாம் படி: எடையைக் கையில் வாங்குங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். இது பிடிபட்டால் மற்றப் பொருள்களெல்லாம் தானாக வந்து பின்னால் நிற்கும்.

லத்தீனில் ‘பெண்டெரே’ என்றொரு வினை. தொங்கவிடு, நிறு என்று பொருள். பொருளைத் தொங்கவிட்டுத்தானே அந்தக் காலத்தில் எடை பார்த்தார்கள். அதிலிருந்து வந்த ஒரு சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து, எடை என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த புதிதில் ‘பொய்ஸ்’ என்றால் கனம், அவ்வளவுதான். நடையழகு, பதறாத மனம் என்ற பொருள்களெல்லாம் நெடுங்காலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை. கடிகாரத்தில் ஆடும் ‘பெண்டுலம்’ இதே குடும்பம். ஓய்வூதியத்தைச் சொல்லும் ‘பென்ஷன்’கூட இதே குடும்பம்தான், பணத்தை எண்ணாமல் நிறுத்துக் கொடுத்த காலத்தின் சொல் அது.

இனி டாச்சிங், கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கும் பழைய தராசு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தேர்தல் கொடியில் பார்த்த தராசுப் படம் மட்டும் தெரியும். அதைவிடக் கடைக்கார டாச்சிங் எளிமையானது. ஒரு நீண்ட கம்பு, ஒரு முனையில் கொக்கி. கொக்கிக்குப் பக்கத்திலேயே பிடித்துத் தூக்க ஒரு கயிறு. கம்பின் நீளத்துக்கும் வரிசையாகப் புள்ளிகள். இன்னொரு கயிற்றில் ஒரே ஒரு குண்டு, கம்பின் மேல் நகரும்படி மாட்டியிருக்கும்.

எங்கள் பழைய கடைத்தெருவில் ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) வாங்கிய சீனத் தாத்தா ஒருவர் நிறுப்பதை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாக்கைக் கொக்கியில் மாட்டித் தூக்குவார். கம்பு சட்டென்று ஒரு பக்கம் எகிறும். அவர் அவசரப்பட மாட்டார். கட்டைவிரலால் குண்டின் கயிற்றை ஒரு புள்ளி தள்ளுவார், இன்னொரு புள்ளி தள்ளுவார். கம்பு மெல்ல இறங்கி, கொஞ்சம் நடுங்கி, படுத்த கோடு போல நிற்கும். அந்த நேரம் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பார், நீயும் பார்த்துக்கொள் என்பது போல. பிறகுதான் எத்தனை கட்டி என்று சொல்வார். 16 தாயில் ஒரு கட்டி, நம் கணக்குக்கு 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 100 கட்டி ஒரு பிக்குல்.

நகரும் அந்தக் குண்டுக்கு ஆங்கிலத்தில் பெயர் ‘பொய்ஸ்’.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சிருக்காது. குண்டின் கனம் மாறுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கட்டி மீனுக்கும் அதே குண்டு, பத்துக் கட்டி ஒட்டுப்பாலுக்கும் அதே குண்டு. மாறுவது அது நிற்கும் இடம். எதிரே தொங்குவது எவ்வளவு கனம் என்று பார்த்து, அதற்கேற்ப நகர்ந்து, கம்பு சமமாகும் புள்ளியில் நிற்கிறது. நின்ற பிறகும் கம்பில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். இருக்கலாம். கம்பு சாயவில்லை என்பதுதான் கணக்கு.

இதே கணக்கை நம் வீட்டுப் பெண்கள் தோளில் போட்டார்கள். பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் மரம் வெட்டிய காலத்தில், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி. இரண்டு வாளியும் ஒரே அளவு நிறைந்தால் கம்பின் நடு தோளில் இருக்கும். ஒன்று குறைந்தால்? கம்பைத் தோளின் மேல் கொஞ்சம் நகர்த்தி, கனமான வாளியைத் தோளுக்குக் கிட்டே கொண்டுவருவார்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் யாரும் அவர்களுக்கு இயற்பியல் சொல்லித்தரவில்லை. மேட்டிலிருந்து பால் சேர்க்கும் ஸ்டோருக்கு இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், அடி சின்னச் சின்னதாக விழும், முகம் மட்டும் நேராக இருக்கும். என் அம்மா அப்படி இறங்கி வருவதை எத்தனையோ காலை நேரங்களில் பார்த்தேன். ‘பொய்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்த நடைதான். காவடி என்ற நம் சொல்லும் இங்கேதான் பிறந்தது. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவும் தடி காவடி.

எடைக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். தமிழிலும் அதே பாதைதான். நிறை என்றால் எடை. பழந்தமிழில் அதே நிறை, மனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் உறுதியையும் குறித்தது. நிறுத்துக் கொடு என்றாலும் நிறுத்தி வை என்றாலும் வேர் கிட்டத்தில்தான் இருக்கிறது. ‘அளந்து பேசு’ என்கிறோம், ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோம். தூக்குவது என்றாலே தராசு. ஆகவே இந்த ஆங்கிலச் சொல் நமக்கு அந்நியமே இல்லை.

மூன்றாம் படி: எந்த வாக்கியத்தில் எந்தப் பொருள்

இனி வாக்கியத்தில் பார்ப்போம். நடைமுறையில் நான்கு இடங்களில் இந்தச் சொல்லைச் சந்திப்பீர்கள்.

உடலைப் பற்றி வந்தால், தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சரியாக நிற்கும் நிலை. பரத மேடையில் அரைமண்டியில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘லுக் அட் ஹெர் பொய்ஸ்’ என்றால் இந்தப் பொருள். தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படியும் பால்குடத்தைத் தலையில் வைத்து ஏறுகிறவர்களிடம் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். கழுத்து ஆடாது, கீழே உள்ள உடல்தான் ஒவ்வொரு படிக்கும் ஏற்ப வளைந்து கொடுக்கும். ஈப்போ கல்லுமலைக்குப் போகிறவர்களும் இந்த வருடம் கவனித்துப் பாருங்கள்.

மனத்தைப் பற்றி வந்தால், நெருக்கடியிலும் பதறாமல், குரலும் முகமும் மாறாமல் காரியத்தைச் செய்யும் தன்மை. மதிப்பீட்டுத் தாளில் வருவது இதுதான். ‘ஷி ஹேண்டில்ட் தி கம்ப்ளெயிண்ட் வித் பொய்ஸ்’ என்றால், புகாரை நிதானமாகவும் பாங்காகவும் சமாளித்தாள்.

மூன்றாவது, வினையாக வருவது. ‘ஹி பொய்ஸ்ட் ஹிஸ் பென் ஓவர் தி பேப்பர்’. பேனாவைத் தாளுக்கு மேல், எழுதுவதற்கு முந்திய கணத்தில், தொடாமல் நிறுத்திப் பிடித்தான். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வெட்டுக் கத்தியைப் பட்டையில் வைத்துவிட்டு, இழுப்பதற்கு முன்னால் ஒரு கணம் நிற்பீர்களே, அது. இருட்டில், தலையில் விளக்கோடு, இடது மேட்டிலிருந்து வலது பள்ளத்துக்குச் சரிவாக ஒரு மெல்லிய சீவல். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. கத்தி இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்தக் கை நிறுத்தத்தை ஆங்கிலத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, செய்தித்தாளில் தினமும் வருவது: ‘பொய்ஸ்ட் டு’. இதோ செய்யப்போகிறது, தயாராக நிற்கிறது என்று பொருள். ‘தி டீம் இஸ் பொய்ஸ்ட் டு வின்’ என்றால் அணி வெற்றியின் வாசலில் நிற்கிறது. இங்கே அமைதி, அழகு எதையும் தேடாதீர்கள். நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். படமெடுத்துக் கொத்த நிற்கும் பாம்பையும் ‘பொய்ஸ்ட் டு ஸ்ட்ரைக்’ என்பார்கள். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘பொய்ஸ்ட் ஃபார்’. கம்பு சமமாகி நிற்கிறது, இன்னும் ஒரு தாயில் வைத்தால் சாய்ந்துவிடும் என்ற நிலை. அதே டாச்சிங்தான்.

நான்காம் படி: தமிழில் ஒரே சொல்லைத் தேடி அலையாதீர்கள்

பிள்ளைகள் நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதுவார்கள். இந்தச் சொல்லுக்கு அது உதவாது. பேச்சுக்கும் குணத்துக்கும் நிதானம் பெரும்பாலும் பொருந்தும். மேடைக்கும் நடைக்கும் பாங்கு, தோரணை. பொருள்களுக்குச் சமநிலை. ‘பொய்ஸ்ட் டு’ வந்தால் ‘போகிற நிலையில்’, ‘தயாராக’. மலாயில் தேடுகிறவர்களுக்கு ‘தெனாங்’ மனத்துக்கும் ‘செய்ம்பாங்’ எடைக்கும் கைகொடுக்கும்.

என் மாணவி சறுக்கியது எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். பொருள்களுக்கு உரிய சொல்லைக் கைப்பேசி கொடுத்தது, அவளிடம் கேட்டது குணம்.

மூன்று குழப்பங்களை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, இது மௌனம் இல்லை. நம் பிள்ளைகளைப் ‘பேசாமல் இரு’ என்று வளர்த்துவிட்டு, அதையே நல்ல குணம் என்று நம்பவைத்திருக்கிறோம். பேசாமல் நிற்பவரிடம் ‘பொய்ஸ்’ இருக்கலாம், பயமும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர் பயத்தைத்தான் எழுதுவார். இரண்டாவது, இது பணிவும் இல்லை. தலையைக் குனிந்து ‘யெஸ் சார், யெஸ் சார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. மூன்றாவது, இதுதான் எனக்கு மிகவும் முக்கியம்: இது வெள்ளைக்கார உச்சரிப்போ, கான்வென்ட் படிப்போ, நிறமோ, விலையுயர்ந்த சட்டையோ இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு, ‘அதெல்லாம் டவுன் பிள்ளைகளுக்கு வரும், நமக்கு வராது’ என்று ஒதுங்கிய பிள்ளைகளை எண்ணினால் எனக்கு மனம் கனக்கும். நாற்பது வருடம் காண்டாக் கம்பு சுமந்த தோள்களின் பேத்திகள் அவர்கள்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒன்று நன்றாகத் தெரிந்தால் மற்றவை படிக்கப் படிக்க வந்துவிடும்.

‘காம்போஷர்’ என்பது உள்ளே கலங்கியதை அடக்கி வைத்திருப்பது. கலக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது, அதைக் காட்டாமல் இருக்கிறார். ‘பொய்ஸ்’ அதைவிடக் கொஞ்சம் அகலம். அதில் உடலின் அழகும் சேர்ந்திருக்கும். ‘ஈக்வனிமிட்டி’ இன்னும் ஆழம், இன்பமும் துன்பமும் ஒன்றென்று இருக்கும் மனம். ஒரு கணத்தில் காட்டுவதில்லை அது, வாழ்நாள் பழக்கம். ஹோட்டல் மதிப்பீட்டுத் தாளில் அது வராது.

‘அப்ளாம்’ எனக்குப் பிடித்த சொல். பிரெஞ்சில் ஈயத்துக்கு ‘ப்ளோம்’ என்று பெயர். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு அந்தக் காலத்தில் ஈயம். அந்தக் குண்டின் கயிறு போல நேராக நிற்பவர் ‘அப்ளாம்’ உள்ளவர். கடினமான காரியத்தைத் துணிச்சலோடு, தயங்காமல் செய்து முடிப்பது அதன் பொருள். ஒரு சொல் சந்தைக் கடையிலிருந்து வந்தது, இன்னொன்று சுவர் கட்டும் இடத்திலிருந்து. இரண்டிலும் கயிற்றில் தொங்குவது ஒரு குண்டு.

இலக்கணத்தில் இரண்டே குறிப்பு. குணத்தைச் சொல்லும்போது இது எண்ணக்கூடிய பொருள் இல்லை; ‘ஷி ஹேஸ் பொய்ஸ்’, முன்னால் ‘எ’ வேண்டாம், பன்மையும் வேண்டாம். அப்புறம், ‘ஷி இஸ் வெரி பொய்ஸ்’ என்று எங்கள் வகுப்பில் வாரம் ஒரு முறையாவது கேட்பேன். அது தவறு. ‘ஷி இஸ் வெரி பொய்ஸ்ட்’ என்று இறுதியில் ‘ட்’ விழ வேண்டும். இழப்பதற்கு ‘லூஸ்’, விடாமல் வைத்திருக்க ‘கீப்’, இழந்ததை மீட்க ‘ரிகவர்’ அல்லது ‘ரிகெயின்’. இந்த வினைகளோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தனியாக வேண்டாம்.

ஆறாம் படி: சொல்லை உடம்பில் பழகுங்கள்

அந்தப் பெண்ணை உட்காரவைத்து, 2 போட்ட அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். பிறகு மெதுவாக வந்தது. விருந்தினர் ஒருவர் அறை தயாராகவில்லை என்று குரலை உயர்த்தியிருக்கிறார். இவள் ‘சாரி, சாரி, சாரி’ என்று அடுக்கியிருக்கிறாள், ஒரு கை காதோர முடியை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, பிறகு ஒன்றும் சொல்லாமல் மேலாளரைத் தேடி உள்ளே ஓடியிருக்கிறாள். செய்த காரியம் சரிதான். மேலாளரைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் விருந்தினர் கண்ணுக்கு, கம்பு ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டது.

குண்டை நகர்த்த அவளுக்குச் சொன்னவை இவை. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். அங்கே இரண்டிரண்டு பேராக உள்ளே போவதால், வீட்டிலும் இரண்டு பேராகவே பழகுங்கள்.

கால்களில் தொடங்குங்கள். இரண்டு பாதத்திலும் கனம் சமமாக இருக்கட்டும், ஒரு காலில் சாய்ந்து நிற்க வேண்டாம். முழங்காலை விறைப்பாகப் பூட்டாமல் ஒரு துளி தளர்த்துங்கள். காண்டா சுமப்பது போல என்று சொன்னால் வீட்டில் பாட்டி இருந்தால் காட்டித்தருவார். என் வகுப்பில் ஒரு பாட்டி வந்து, கம்பில்லாமலே நடந்து காட்டினார். எழுபத்து மூன்று வயது. பிள்ளைகள் அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தார்கள்.

அடுத்து மூச்சு. இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிப்பது உடலின் இயல்பு. ஆகவே மூன்று எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். இரண்டு முறை போதும். எதிரே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கைகளுக்கு ஓர் இடம் கொடுங்கள். மேசை இருந்தால் மேசையின் விளிம்பு, இல்லாவிட்டால் வயிற்றுக்கு முன்னால் ஒரு கையின் மேல் இன்னொரு கை. இடம் கொடுக்காவிட்டால் அவை முடியையோ, பேனாவையோ, கழுத்துச் சங்கிலியையோ தேடிப் போகும்.

பிறகு பேச்சு. கேள்வி முடிந்ததும் மனத்துக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிவிட்டு வாயைத் திறங்கள். அந்த இரண்டு எண்ணிக்கைதான் சீனத் தாத்தாவின் கட்டைவிரல். நமக்கு அது ஒரு மணி நேரம் போலத் தோன்றும், கேட்பவருக்கு யோசித்துப் பேசுகிறார் என்று தோன்றும். யோசிக்க இன்னும் நேரம் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்: ‘லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்’. வேலையிடத்தில், ‘ஐ அண்டர்ஸ்டேண்ட். லெட் மீ செக் தட் ஃபார் யூ’. மன்னிப்பு ஒரே முறை, முழு வாக்கியமாக: ‘ஐ அம் ஸாரி அபௌட் தி டிலே’. உள்ளே போக வேண்டுமென்றால் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு, ஓடாமல் நடந்து போங்கள்.

குரல் நடுங்கினால் பரவாயில்லை. டாச்சிங் கம்பும் நடுங்கும் என்று முன்பே சொன்னேன். நடுக்கத்தை மறைக்க வேகமாகப் பேசுவதுதான் ஆபத்து.

இந்த நான்கையும் ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள். திங்கள், செவ்வாய் கால் மட்டும். புதன் மூச்சு. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். பஸ்ஸுக்கு நிற்கும் நேரமே போதும்.

தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

தைப்பிங், ஈப்போ பக்கம் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் நிறைய பேர் போகிறார்கள். அங்கே ரப்பர் பால் பீப்பாயோடு வரும் தாளில் ‘சென்டிபொய்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து இந்தச் சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. மெல்லிய குழாய்களில் நீர்மம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் லியோனார் மரி புவாஸாயின் (1797–1869) பெயரைச் சுருக்கி வைத்த அலகு அது. நீர்மம் எவ்வளவு பிசுபிசுப்பானது என்பதை அளக்கும். 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிபொய்ஸ். பால் அதைவிடக் கெட்டி, எண்ணும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். மரத்திலிருந்து இறக்கிய பாலுக்கும் மேலே சொன்ன நிதானத்துக்கும் இந்த இடத்தில் உறவு கிடையாது.

கடைசியாக, டாச்சிங் கிடைக்காதவர்களுக்கு. பழைய கடைகளில் கேட்டால் மூலையில் தூசியோடு கிடக்கும், இரவல் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் நீங்களே செய்யலாம். இரண்டடி நீளத்தில் ஒரு மூங்கில் குச்சி. ஒரு முனையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள். அந்த முனையிலிருந்து நான்கு விரல் தள்ளி, தூக்கிப் பிடிக்க இன்னொரு கயிறு. நீண்ட பக்கத்தில், நகர்த்தும்படி, ஒரு பெரிய நட்டைக் கயிற்றில் மாட்டுங்கள். டப்பாவில் நான்கு எலுமிச்சை போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்து, கம்பு படுக்கும் வரைக்கும் நட்டை நகர்த்தச் சொல்லுங்கள். படுத்ததும் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள், தொண்டையில் இரண்டு விரல் வைத்தபடி.